விருந்தாளிக்காக ஓடிய ஓட்டம்

புதுச்சத்திரம்
12.1.2025

மாப்பிள்ளை செங்கோடனுக்கு,

கையில் போன் இருக்கும்போது காகிதத்தில் எழுதுகிறாரே, அக்கா வீட்டுக்காரருக்கு மறை கழன்றுவிட்டதா என்று நினைப்பாய். இன்னும் கழலவில்லை, லேசாக ஆடுகிறது. சத்தீஸ்கர் காட்டில் நீ ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியோடு நிற்கிற இடத்தில் டவர் கிடையாது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதியைச் சொன்னால் சிரிப்பாய். எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர்களுக்கு ஆளுக்கொரு போன் கொடுத்திருக்கிறார்கள். நாம் பேசாமல் வைத்திருந்தாலும் அது கேட்டுக்கொண்டே இருக்கும் என்று கேன்டீனில் பேச்சு. நிஜமோ புரளியோ, அதை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். "நனைஞ்ச போனைத்தானுங்க அரிசியில போடுவாங்க. காஞ்ச போனுக்கு என்னங்க வந்துச்சு?" என்கிறாள் உன் அக்காள் தமிழ்ச்செல்வி. திருச்செங்கோட்டு ஆபீசிலிருந்து உங்களுக்குச் சாமான் ஏற்றி வருகிற டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மிளகாய்த்தூள் பொட்டலத்தோடு வரும்.

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனியை வெளிநாட்டுக்காரன் வாங்கிவிட்டான். எந்த நாடு என்று கேட்காதே. பெயர் என் வாயில் நுழையவில்லை. பனி பெய்கிற நாடு என்பது மட்டும் அவன் அனுப்பிய காலண்டரைப் பார்த்துத் தெரிந்தது. நீ போர் போடும்போது பாறையைக் கடிக்கிறதே பிட், அதைத்தான் இனி அவன் பெயரில் செய்யப்போகிறோம். அதன் முகத்தில் கெட்டிப் பொத்தான்களைப் பதிக்கிற செக்‌ஷனுக்கு இப்போதும் உன் மச்சான்தான் சூப்பர்வைசர்.

போன ஆவணியில் அவர்கள் பார்க்க வந்தபோது நடந்ததைக் கேள். பழைய முதலாளி வாசலில் எங்களை நிறுத்திக் கையெடுத்துக் கும்பிட்டார். "சாமிகளா, மூணே நாளு. வந்தவங்க முன்னால மானத்தைக் காப்பாத்திக் குடுத்துருங்க" என்றார். போதாதா? பந்தியில் உட்கார்ந்தவன் இலை காலியாக இருந்தால் பரிமாறுகிறவனுக்குத்தானே அவமானம். ஓடினோம் மாப்பிள்ளை, அப்படி ஓடினோம். எங்கள் செக்‌ஷன் ஆனந்தகுமார் இருக்கிறானே, தோள்வலிக்காரன், வாய் மூடாதவன், அவன்கூட ஒரு ஜோக் சொல்லாமல் ஒண்ணுக்குப் போகாமல் பொத்தான் அடித்தான். வழக்கமாக ஒரு மேஜையில் ஒரு நாளைக்கு நாற்பது பிட் முடியும். அந்த மூன்று நாளும் அறுபது. வந்தவர்களில் ஒரு நெட்டையன் கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு எங்களையும் அதையும் மாறி மாறிப் பார்த்து நின்றான். பாவம், கிரிக்கெட் பார்க்கிறான் என்று நினைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தேன். அவன் எங்களை அளந்துகொண்டிருந்திருக்கிறான். இப்போது அவன்தான் இங்கே மேனேஜர்.

குறை சொல்லக் கூடாது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. புது மெஷின் வந்திருக்கிறது. அது பிட்டைப் பிடித்துக்கொள்வதால் நாற்பது இப்போது நாற்பத்தெட்டு ஆகிறது, இடுப்பும் வலிக்கவில்லை. உன் அக்காள் பிரிட்ஜ் வாங்கிவிட்டாள். ஆனால் பொங்கல் போனஸ் கொடுத்த அன்றைக்கே சுவரில் ஒரு பலகை மாட்டினார்கள். எங்கள் செக்‌ஷன் பெயர், அதன் கீழே சிவப்பு எழுத்தில் 60.

பலகையைப் பார்த்ததிலிருந்து ராத்திரியில் தூக்கம் வரவில்லை. பிரிட்ஜ் உறுமுகிற சத்தமாகவும் இருக்கலாம்.

மச்சான்
குணசீலன்


காங்கேர் பக்கம்
2.2.2025

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. தும்மிக்கொண்டே படித்தேன்.

நீங்கள் பயந்து எழுதியதெல்லாம் எனக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது சம்பளம் கூடியது. புது பிட் நன்றாக இருக்கிறது. பழசு இந்தப் பாறைக்கு மழுங்கிப்போய் ரெண்டாவது போருக்கே கழற்ற வேண்டியிருக்கும். இப்போது வருவது நின்று கடிக்கிறது. வாங்கினவன் தொழில் தெரிந்தவன்தான்.

பயம் என்கிறீர்கள். இங்கே கம்ப்ரஸர் ஹோஸ் கழன்று வீசினால் எதிரில் நிற்கிறவன் தலை இருக்காது. போன மாசம் பக்கத்து வண்டியில் ஒரு ஒடிசாப் பையனுக்கு அப்படி ஆகியிருக்க வேண்டியது, குனிந்ததால் பிழைத்தான். அந்தப் பயத்துக்கு எங்களுக்கு யாரும் பிரிட்ஜ் தருவதில்லை. உங்களுக்குச் சுவரில் ஒரு பலகை. அது எழுந்து வந்து அடிக்காது.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தேன் அல்லவா? பெற்ற மகள் நிலா மூன்று நாள் என் பக்கமே வரவில்லை. நாலாம் நாள் அவங்கம்மாவிடம், "இந்த அங்கிள் எப்பம்மா ஊருக்குப் போவாரு?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் வெளியே வண்டியைத் துடைக்கிற மாதிரி போய் நின்றுகொண்டேன்.

மச்சான், உங்கள் கம்பெனியில் எனக்கு ஒரு இடம் பாருங்கள். இத்தனை வருஷம் பிட்டோடுதான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஆள் எடுக்கிற எச்.ஆர். பெண் ஒருவர் இருப்பதாக அக்கா சொன்னாளே, அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

செங்கோடன்


புதுச்சத்திரம்
23.2.2025

மாப்பிள்ளைக்கு,

நிலா சொன்னதைப் படித்து உன் அக்காள் அழுதாள். நானும் அழுதிருப்பேன், ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது வேகமாகச் சாப்பிடுகிறேன். ஏனென்று தெரியவில்லை, எல்லாவற்றையும் வேகமாகச் செய்கிறேன். போன ஞாயிறு கோயிலில் மூன்று சுற்று சுற்றி வந்து பார்த்தால் உன் அக்காள் முதல் சுற்றில் இருக்கிறாள்.

வேலை விஷயம். அவசரப்படாதே. இப்போதைக்கு ஆள் எடுப்பதாகத் தெரியவில்லை. வெயில் வேறு வரப்போகிறது. திருச்செங்கோட்டிலிருந்து தினம் பஸ்ஸில் வருவது உனக்குச் சரிப்படாது. நீ காற்றோட்டமாக வேலை பார்த்துப் பழகினவன்.

லேத் செக்‌ஷன் ராசப்பனைத் தெரியுமல்லவா, உன் கல்யாணத்தில் ஜெனரேட்டரைப் பழுது பார்த்துக் கொடுத்தாரே. திங்கள்கிழமை காலையில் கேட்டில் அட்டையைக் காட்டினார், கதவு திறக்கவில்லை. மறுபடி காட்டினார். சட்டையில் துடைத்துக் காட்டினார். பின்னால் நாங்கள் வரிசையாக நிற்கிறோம். "நேத்து மழையில நனைஞ்சிருச்சு போலருக்குதுங்க" என்றார். மாசியில் ஏது மழை? அப்புறம் எச்.ஆர். மோனிஷா வந்து, "வாங்க சார், உட்கார்ந்து பேசலாம்" என்று ஓரமாகக் கூட்டிப் போனாள். ராசிபுரத்துப் பெண், தங்கமான பிள்ளை. காபி கொடுத்து, மூன்று மாசச் சம்பளமும் கொடுத்து, நெட்டையனே கை குலுக்கி அனுப்பினான். பழைய முதலாளி கெட்ட வார்த்தையில் திட்டுவார், சாயங்காலம் பரோட்டா வாங்கிக் கொடுப்பார். திட்டி அனுப்பினால் ஊரெல்லாம் சொல்லி அழலாம். காபி கொடுத்து அனுப்பினால் யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

ராசப்பன் ஒரு நாளில் முடித்தது ஐம்பத்தி ஒன்று. அவர்கள் செக்‌ஷனுக்கு பலகையில் எழுதியிருப்பது அறுபத்தைந்து.

அன்றிலிருந்து நாங்கள் யாரும் வரிசையில் முன்னால் நிற்பதில்லை. "நீங்க போங்கண்ணா", "அட நீ போப்பா" என்று கேட்டிலேயே ஒருவருக்கொருவர் அப்படி ஒரு மரியாதை. கதவு திறந்ததும் உள்ளே போகிறவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெண் பார்க்க வந்தவன் சரி என்று சொன்ன மாதிரி இருக்கும்.

எங்கள் மேஜைகளில் இப்போது ஐம்பத்தி நான்கு வருகிறது. ஆனந்தகுமார் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு அடிக்கிறான். ஜோக் நின்றுபோய் ரொம்ப நாளாகிறது.

குணசீலன்


காங்கேர் பக்கம்
16.3.2025

மச்சானுக்கு,

வெயில், பஸ், காற்றோட்டம். மூன்றும் நல்ல காரணங்கள். நாலாவதை நான் சொல்லட்டுமா? மாமியார் வீட்டுப் பையன் நம் கம்பெனிக்குள் வந்தால் நாம் அங்கே என்ன செய்கிறோம் என்பது தெரிந்துவிடும். இதுதானே?

அக்காவைக் கட்டி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் உங்களுக்கு எந்தக் குறையும் வைத்ததில்லை. நான் முதன்முதலாகக் கேட்டது இது ஒன்றுதான். உங்கள் வாயால் முடியாது என்று சொல்லியிருந்தால் மதித்திருப்பேன். ஆள் எடுக்கவில்லை என்று எழுதிவிட்டீர்கள். சாமான் வண்டி டிரைவர் சொல்கிறார், பஸ் ஸ்டாண்டில் போர்டு வைத்து எடுக்கிறார்களாம்.

டவர் இருக்கிற ஊர் வரைக்கும் லாரியில் போய் நானே மோனிஷாவுக்குப் பேசிவிட்டேன். போட்டோவும் சர்ட்டிபிகேட்டும் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பியாயிற்று. பிட்டை உபயோகிக்கிற ஆளே வருவது நல்லது என்றார்கள். சித்திரையில் நேர்காணல்.

உங்கள் சிபாரிசு வேண்டாம். உங்கள் பெயரை அங்கே சொல்லவும் இல்லை.

செங்கோடன்


புதுச்சத்திரம்
6.4.2025

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை உன் அக்காளிடம் காட்டவில்லை. காட்டினால் உன் பக்கம் சேர்ந்துகொள்வாள். எனக்கு வீட்டிலும் ஆள் இருக்காது.

திட்டினாய், சரி. இதைப் படித்துவிட்டு அப்புறமும் தோன்றினால் இன்னொரு தரம் திட்டு.

புதன்கிழமை என்னை மேலே கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். நெட்டையன் எழுந்து நின்று கை கொடுத்தான். மேலே இருக்கிறவர்கள் நமக்காக நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததே இல்லை. அவன் பேசுவதை மோனிஷா தமிழில் சொன்னாள். ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார்கள். என் செக்‌ஷனில் மேஜைக்கு அறுபது, வருஷம் முழுவதும் வரும், அதற்கு நான் பொறுப்பு. கையெழுத்துப் போட்டால் எனக்குக் கிரேடு உயரும், சம்பளம் இன்னும் கூடும். இந்த மாசக் கடைசிக்குள் போடாவிட்டால் அந்தப் பொறுப்புக்கு வேறு ஆள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. ஏ.சி. குளிரில் வந்திருக்கும். சொல்லிவிட்டேன்:

"சார், அறுபதுங்கறது எங்க வேகமில்லீங்க. அன்னிக்கு நீங்க விருந்தாளியா வந்திருந்தீங்க. அதுக்காவ ஓடுனதுங்க அது. புது மெஷினோட அம்பது, அதுதானுங்க நெசம். அம்பதுன்னா சாகற வரைக்கும் செஞ்சு குடுப்போமுங்க."

மோனிஷாவின் முகம் வெளுத்துப்போயிற்று. அப்புறம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். நெட்டையன் பெரிதாகச் சிரித்து என் தோளைத் தட்டினான். உண்மையைச் சொன்னால் தோளைத் தட்டுகிற மனிதனா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இறங்கும்போது படிக்கட்டில் கேட்டேன்.

"என்னம்மா சொன்னே அவருகிட்ட?"

"உங்க செக்‌ஷன் முழு ஒத்துழைப்பு தரும்னு சொன்னேனுங்க."

"நான் அப்பிடியா சொன்னேன்?"

"சார், சத்தம் போடாதீங்க. அந்த அறுபதை வெச்சுத்தான் இந்தக் கம்பெனிக்கு வெலையே போட்டாங்க. வாங்கலாம்னு எழுதிக் குடுத்ததே அவருதானுங்க. அது பொய்யின்னு தெரிஞ்சா மொதல்ல அவரு வேலை போகும். பழைய மொதலாளி மேல கேஸு போடுவாங்க. அப்புறம் பிளான்ட்டை மூடுவாங்க. நான் எப்பிடிங்க அதை என் வாயால சொல்றது? எங்கப்பா தறியை வித்துத்தான் என்னையப் படிக்க வெச்சாரு."

அடுத்த படியில் இறங்கும் முன் மேலே கண்ணாடி அறைக் கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். இத்தனை நாளும் பயம் என்பது எங்களைப் போலக் கீழ்த்தளத்தில் இருக்கிறவர்கள் சமாசாரம் என்று நினைத்திருந்தேன். அது லிஃப்டில் ஏறி மேலே மேலே போய், பனி பெய்கிற ஊர் வரைக்கும் போய் உட்கார்ந்திருக்கிறது.

உன் நேர்காணல் எந்த இடத்துக்கு என்று அவளிடம் கேட்டேன். நீ என் மச்சினன் என்பது அவளுக்குத் தெரியாது. "பட்டன் செக்‌ஷன் சூப்பர்வைசருங்க, ஒருவேளை தேவைப்பட்டா" என்றாள்.

மாப்பிள்ளை, அது நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலி.

வரவேண்டாம் என்று நான் எழுதியபோது இது எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு பயம், அவ்வளவுதான். இப்போது தெரிந்துவிட்டது. உன் அக்காள் சொல்கிறாள், நான் தூங்கும்போது வலது கை பாயில் பொத்தான் பதிக்கிறதாம். பிடித்து நிறுத்தினால் இடது கை ஆரம்பிக்கிறதாம். மகள் பிரியாவுக்குக் காலேஜில் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அறுபதுக்குக் கையெழுத்துப் போட்டால் என் ஆட்களை நான்தான் விரட்ட வேண்டும். போடாவிட்டால் நான் வெளியே, நீ உள்ளே. என்ன செய்யச் சொல்கிறாய்?

குணசீலன்


காங்கேர் பக்கம்
20.4.2025

மச்சானுக்கு,

போன கடிதத்தில் எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலி எனக்கு வேண்டாம் என்று மோனிஷாவுக்குப் போனில் சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் என் அக்கா வீட்டுக்காரர், அவருக்குக் கீழே ஒரு மேஜை கொடுங்கள், உட்கார்ந்து பொத்தான் பதிக்கிறேன் என்றேன். லைனில் இருக்கச் சொல்லிவிட்டு ஏதோ காகிதங்களைப் புரட்டினார்கள். அப்புறம், "சார் கையெழுத்துப் போட்டுட்டாருன்னா ஒரு மேஜை காலியாகும்" என்றார்கள்.

யாருடைய மேஜை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தரம் எழுதி அடித்துவிட்டேன். போடுங்கள், மச்சான். எனக்கு ஊருக்கு வரவேண்டும். மழைக்கு வண்டி நிற்பதற்கு முன்னாலேயே கிளம்பி வருகிறேன். திரும்பிப் போகாமல் இருக்க வேண்டும்.

செங்கோடன்


புதுச்சத்திரம்
15.6.2025

மாப்பிள்ளைக்கு,

ரெண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கடிதம் எழுதுகிற முதல் கிறுக்கன் நானாகத்தான் இருப்பேன். செக்‌ஷனில் பேச முடியவில்லை, தலைக்கு மேல் கேமரா. கம்பெனி பஸ்ஸில் பேச முடியவில்லை, எல்லோருக்கும் காது. உன் வீட்டுக்கு வந்தால் நிலா உன் மடியை விட்டு இறங்குவதில்லை. அவள் முன்னால் இதை எப்படிப் பேச? அதனால்தான் காலையில் கம்பெனி பஸ்ஸில் உன் சாப்பாட்டுப் பையில் வைத்துவிடுகிறேன். வேலை தொடங்கும் முன் படித்துவிட்டுக் கிழித்துவிடு.

நீ உட்கார்ந்திருப்பது ஆனந்தகுமாரின் மேஜை. உனக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் கையெழுத்துப் போட்ட மறு வாரம் அவன் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. நாமக்கல்லில் கோழிப்பண்ணைக்குத் தீவன வண்டி ஓட்டுகிறானாம். பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "என்னங்ணா, நல்லா இருக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் வாயிலிருந்து ஒரு கிண்டல்கூட வரவில்லை. நான் வேண்டுமென்றே தொந்தியைத் தள்ளிக்கொண்டு நின்றேன், அதைப் பார்த்தாவது ஏதாவது சொல்வான் என்று.

இப்போது உன் விஷயம். நீ சேர்ந்த முதல் வாரமே அறுபத்தி மூன்று செய்தாய். போன வாரம் அறுபத்தி ஆறு. கேட்டதற்கு, "மச்சானால வந்தவன்னு ஒருத்தனும் பல்லு மேல நாக்கைப் போட்டுப் பேசிரக் கூடாதுங்க" என்றாய். உன் நல்ல மனசு எனக்குத் தெரியும். பாறையோடு மல்லுக்கட்டின கை, உனக்கு இது விளையாட்டாக இருக்கிறது. டீக்குக்கூட எழுந்திருக்க மாட்டேன் என்கிறாய். ஆனால் உன் இருபக்கமும் உட்கார்ந்திருப்பவர்களை நீ திரும்பிப் பார்த்தாயா? அவர்களும் எழுந்திருப்பதில்லை. டீ டிரம் பத்து மணிக்கு வருகிறது, அப்படியே ஆறிப்போய்ப் போகிறது. டீக்காரம்மா சென்னம்மாள் நேற்று என்னிடம், "ஏனுங்க, என்ற டீயில என்னங்க குத்தம்?" என்று கேட்டது.

வெள்ளிக்கிழமை மோனிஷா வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். உன் மேஜைக் கணக்கை மேலே பார்த்துவிட்டார்களாம். ஒரு மேஜையில் முடிகிறது என்றால் எல்லா மேஜையிலும் முடியும்தானே என்று கேட்டார்களாம். அடுத்த மாசம் பலகையை மாற்றப் போகிறார்கள். எழுபது. நான் ஏற்கெனவே போட்ட கையெழுத்தே அதற்கும் செல்லுமாம். காகிதத்தில் அப்படி ஒரு வரி இருந்திருக்கிறது.

எழுபது யாராலும் ஆகாது மாப்பிள்ளை. உன்னாலும் ஆகாது. அப்புறம் கேட்டில் யார் அட்டைக்குத் திறக்காது என்று நினைக்கிறாய்? மேஜை மேஜையாக எண்ணிப் பார்த்தேன். எங்கிருந்து ஆரம்பித்தாலும் நீயும் நானும் வருகிறோம்.

அதனால் எனக்கு ஒரே ஒரு உபகாரம் செய். இதைப் படித்த அன்றைக்கே பத்து மணிக்கு டீ டிரம் வந்ததும் எழுந்திரு. மெதுவாக நடந்து போ. ஒரு டீ வாங்கி, ஊதி ஊதிக் குடி. ரெண்டு தரம் ஊது. நானும் எழுந்து வந்து உன் பக்கத்தில் நிற்பேன். சூப்பர்வைசரும் நன்றாக வேலை செய்கிறவனும் சேர்ந்து எழுந்தால் மூன்றாவது ஆளுக்கும் எழுந்திருக்கத் தோன்றலாம். அப்புறம் நாலாவது. எல்லா மேஜையும் ஐம்பதுக்கு வந்து நின்றால் யாரையென்று அனுப்புவார்கள்? எல்லோரையும் அனுப்பலாம்தான். அதையும் யோசித்தேன். யோசித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வந்து இந்த வரியை எழுதுகிறேன்.

நீ எழுந்ததும் நான் எழுந்துவிடுவேன், சத்தியம்.

குணசீலன்


16.6.2025
(அதே காகிதத்தின் பின்பக்கம், பென்சிலில்)

மச்சான்,

பத்தாகிவிட்டது. டிரம் வந்துவிட்டது. நீங்கள் என்னையே பார்க்கிறீர்கள், நான் உங்களையே பார்க்கிறேன்.

நீங்கள் முதலில் எழுந்திருங்கள்.